தேரிக் காட்டுக்கு நடந்து வந்தவர்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் உங்கள் வீட்டில் பயணத் திட்டம் தொடங்கிவிடும் அல்லவா? எந்த ரயில், எந்த ஊரில் சாப்பாடு, ஜன்னல் ஓரம் யாருக்கு என்று ஒரே அமளியாக இருக்கும். சரி, சென்னையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு நடந்தே போக வேண்டும் என்றால் உங்கள் திட்டம் எப்படி இருக்கும்? ரயில் கிடையாது. பஸ் கிடையாது. போய்ச் சேர வேண்டிய ஊரோ செம்மணல் காட்டின் ஓரத்தில் இருக்கிறது. 1841இல் ஒருவர் அப்படித் திட்டமிட்டு, சொன்னபடி நடந்தும் வந்து சேர்ந்தார். அவர்தான் ராபர்ட் கால்டுவெல்.

அயர்லாந்தின் வட பகுதியில் கிளாடி என்ற சிற்றூரில் 1814 மே 7ஆம் நாள் பிறந்தவர் அவர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே கிரேக்கம் கற்பித்த பேராசிரியர் ஒருவரால் அவருக்கு ஒரு மொழியை இன்னொரு மொழியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆர்வம் பிறந்தது. கிறிஸ்தவ சமயப் பணிக்காக 1838 ஜனவரி 8ஆம் நாள் கப்பலில் சென்னை வந்து இறங்கினார். அதே கப்பலில் அவரோடு வந்தவர் யார் தெரியுமா? தெலுங்கு அகராதி தொகுத்துப் புகழ் பெற்ற சி.பி. பிரவுன். கடல் நடுவில், வேறு வேலை இல்லாத நாட்களில், நம் நாட்டு மொழிகளைப் பற்றிப் பேச இதைவிட நல்ல துணை கிடைக்குமா?

சென்னையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்து தமிழ் கற்றார். பிறகு வேறொரு சமயச் சங்கத்தில் சேர்ந்து, தெற்கே இடையன்குடி என்ற ஊரில் பணியாற்றக் கிளம்பினார். அந்த ஊர் இப்போதும் திருநெல்வேலி மாவட்டத்தில், திசையன்விளைக்கு அருகே இருக்கிறது.

இனி பயணத் திட்டத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் வெள்ளைக்கார துரைமார் வெளியூர் போவது என்றால் பல்லக்கில்தான். தூக்கும் ஆட்கள் களைத்துப் போவார்கள். ஆகவே எந்த ஊரில் மாற்று ஆட்கள் காத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும். பல்லக்கு வேண்டாம் என்றால் குதிரை இருந்தது. மாட்டு வண்டி இருந்தது. கடலோரமாகத் தோணிகளும் ஓடின. தென்னிந்தியாவின் முதல் ரயில் சென்னை ராயபுரத்திலிருந்து புறப்பட்டதே 1856இல்தான்!

கால்டுவெல் இவற்றில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. நடந்து போவதென்று முடிவு செய்தார். ஏன்? பல்லக்கில் திரை போட்டுக்கொண்டு படுத்திருப்பவருக்கு வழியிலுள்ள ஊர் தெரியாது, மனிதர்கள் தெரியமாட்டார்கள். யாரோடு வாழப் போகிறோமோ அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்க்க அவர் விரும்பினார். புத்தகத்தில் படித்த தமிழைத் தெருவில் பேசிப் பழகவும் இது வழி என்று நினைத்தார். வேகமாகப் போய்ச் சேர்வது அவருடைய நோக்கமே இல்லை. பயணம் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியதும் இதுதானே? எதற்காகப் போகிறோம் என்று தெரிந்தால்தான் எப்படிப் போவது என்பது தெரியும்.

உங்கள் பள்ளி அட்லஸை எடுத்துக் கொள்ளுங்கள். சென்னையில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து சிதம்பரம், தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று கோடு போடுங்கள். இப்போது மதுரைக்குத்தான் திரும்புவீர்கள். அங்கேதான் தவறு செய்கிறீர்கள்! கால்டுவெல் மேற்கே திரும்பிக் கோயம்புத்தூர்ப் பக்கம் போய், நீலகிரி மலை ஏறினார். குருப்பட்டம் பெறுவதற்காக அவர் பார்க்க வேண்டிய பிஷப் அப்போது உதகையில் இருந்தார். பட்டம் பெற்று, மலை இறங்கி, மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். கோடு எவ்வளவு வளைந்துவிட்டது பார்த்தீர்களா? சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு நேர் வழியே 600 கிலோமீட்டருக்கு மேல். இவருடைய வழி அதைவிடப் பல நூறு கிலோமீட்டர் நீண்டது.

நடந்து போகிறவர்கள் அக்காலத்தில் கோழி கூவும் நேரத்திலேயே கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் ஒரு சத்திரம் அல்லது தோப்பு வந்துவிட வேண்டும். நாளுக்குப் பத்து, பதினைந்து மைல் நடந்தால் அதிகம். கையில் தூக்கக்கூடிய அளவுக்குத்தான் சாமான். மாணவர்களை ஒரு நாள் சுற்றுலா அழைத்துப் போவதற்கே நான் இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக் கொண்டதுண்டு. இதில் தண்ணீர்க் குடம் மட்டுமே தனிப் பிரச்சினை. பல மாதப் பயணத்தை நினைத்துப் பாருங்கள்!

மழைக் கணக்கும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் தாமிரபரணியில் வெள்ளம் வரும். இன்று திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே சுலோசன முதலியார் பாலத்தில் இரண்டு நிமிடத்தில் ஆற்றைக் கடந்துவிடுகிறீர்கள். சுலோசன முதலியார் தம் சொந்தப் பணம் ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாயைச் செலவிட்டுக் கட்டிய அந்தப் பாலம் திறக்கப்பட்டது 1843இல். கால்டுவெல் வந்தபோது அது இல்லை. அக்கரைக்குப் போக வேண்டியவர்கள் ஓடத்துக்காகக் கரையில் காத்து நிற்க வேண்டும். வெள்ளம் வந்தால் அது வடியும் வரை காத்திருக்க வேண்டும்.

ஆற்றங்கரையில் நிற்கும்போது நம் ஊரைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? பொதிகை மலையில் பிறந்து பாபநாசம், அம்பாசமுத்திரம் என்று வரும் தாமிரபரணி, இருபுறமும் நெல் வயலும் வாழைத் தோட்டமுமாகப் பச்சைப் பட்டு விரித்திருக்கிறது. இதுதான் திருநெல்வேலி என்று நினைத்துவிடாதீர்கள். ஆற்றைத் தாண்டித் தென்கிழக்கே போகப் போக, வயல் குறையும், பனை கூடும். கடைசியில் பூமியே சிவந்துவிடும். அதுதான் தேரி!

தேரி என்பது செம்மணல் மேடு. இடையன்குடிப் பக்கத்திலும், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் சாத்தான்குளம், குதிரைமொழிப் பகுதிகளிலும் இதைப் பார்க்கலாம். மணல் துகள்களின்மேல் இரும்பு ஆக்ஸைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் இந்தச் சிவப்பு. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று மணலை வாரிக்கொண்டு வந்து வேறிடத்தில் கொட்டும். நேற்று இருந்த ஒற்றையடிப் பாதை இன்று இருக்காது. மணல் மேட்டை அடையாளம் வைத்து நடந்தால் வழி தவறிவிடும். மரத்தை அடையாளம் வைத்தால் ஓரளவு தப்பலாம். நண்பகலில் கால் வைக்க முடியாது. விடியற்காலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோதான் கடக்க வேண்டும்.

ஆனால் இந்தப் பாலைவனத்துக்குள் ஒரு ரகசியம் இருக்கிறது. மழை பெய்தால் நீர் ஓடி வீணாகாது. மணல் அப்படியே குடித்துவிடும். அந்த நீர் தேரியின் அடிவாரத்தில் ஊற்றாகக் கசியும். பள்ளத்தில் தேங்கும் நீரைத் தருவை என்பார்கள். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், தேரிக்கு நடுவே சுனை எப்படி இருக்கும் என்று. எங்கே தோண்டினால் நல்ல நீர் வரும் என்பது அங்கே வாழ்ந்த பனையேறிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கணக்கு. புதிதாக வருகிறவர் அவர்களைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்பதற்கு அவர்களுடைய பேச்சு புரிய வேண்டும். கால்டுவெல் நடந்து வந்ததன் பயன் இங்கேதான் தெரிந்தது.

1841இன் முடிவில் இடையன்குடி வந்து சேர்ந்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வாழ்க்கையில் பெரும்பகுதியை இந்த மணலிலேயே கழித்தார். முன்பு அங்கங்கே சிதறிக் கிடந்த குடிசைகளுக்குப் பதிலாக நேரான தெருக்களைக் கோடு போட்டு அமைத்தார். கிணறுகள் வெட்டினார், மரங்கள் நட்டார், பள்ளிகள் தொடங்கினார். 1844இல் நாகர்கோவிலைச் சேர்ந்த எலிசாவை மணந்தார். எலிசாவுக்கு இவரைவிட நன்றாகவே பேச்சுத் தமிழ் வரும். அவர் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். 1847இல் தொடங்கிய தேவாலயக் கட்டடம் முடிந்தது 1880இல். முப்பத்து மூன்று ஆண்டுகள்! அவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் அவர் சரியாகவே செய்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். 1849இல் பனையேறும் மக்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர்களைத் தாழ்வாகச் சித்தரித்தார். அந்த மக்களின் மனம் புண்பட்டது. கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது. அவருக்குத் தண்ணீர் காட்டியவர்களும் கருப்பட்டி கொடுத்தவர்களும் அவர்கள்தானே?

வழியெல்லாம் காது கொடுத்துக் கேட்ட பழக்கம் மட்டும் விடவில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு ஆகியவற்றோடு, நீலகிரியின் தோடர், கோத்தர் பேச்சையும் ஒப்பிட்டு, இவை ஒரே குடும்பத்து மொழிகள் என்று விரிவாக நிறுவினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் என்ற அந்த நூல் 1856இல் லண்டனில் வெளிவந்தது. உலக அறிஞர்கள் பார்வை தமிழின் பக்கம் திரும்பியது. பிறகு தாமிரபரணி கடலில் சேரும் பகுதிக்குப் போய்க் கொற்கையில் மண்ணைத் தோண்டி ஆராய்ந்தார். இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளி இருக்கும் அந்த ஊர்தான் பாண்டியரின் பழைய துறைமுகம் என்பதை விளக்கி எழுதினார். 1881இல் திருநெல்வேலிச் சீமையின் சரித்திரத்தையும் வெளியிட்டார். 1877இல் பிஷப் ஆனார். அது தாது வருஷப் பஞ்சத்தின் காலம். பசித்தவர்களுக்கு உதவுவதிலேயே பெரும்பொழுது போயிற்று.

1891 ஆகஸ்ட் 28ஆம் நாள் கொடைக்கானலில் காலமானார். மலையிலேயே அடக்கம் செய்துவிடவில்லை. மலையிலிருந்து இறக்கி, சமவெளியைக் கடந்து, மறுபடி அந்தச் செம்மணலுக்கே கொண்டு வந்து, தாம் கட்டிய தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. 2010இல் அஞ்சல் தலை வெளியானது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது.

கோடை விடுமுறையில் அப்பா, அம்மாவோடு போக நினைத்தால், முதலில் திசையன்விளைக்குப் போய்விடுங்கள்; இடையன்குடி அங்கிருந்து பக்கம்தான். தேரிக்குள் நடக்க ஆசையிருந்தால் காலை எட்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள். தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள். காலி பாட்டிலை அங்கே போட்டுவிட்டும் வராதீர்கள்.