இந்தியா வீடு கொடுக்காத கலெக்‌ஷன்... பாஸ்டனுக்குப் போன ஆனந்த குமாரசுவாமியின் கதை!

கடலாடி பஸ் ஸ்டாண்டில் சாயல்குடி வண்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் போனைத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். கோட் சூட் போட்ட ஒருவர் சுத்தியலைத் தட்ட, ஒரு பழைய சிலை கோடிகளில் விலைபோகும் வீடியோ வருகிறது. அப்படி ஒரு ஏலம் 2014 ஜூலையில் லண்டன் கிறிஸ்டிஸ் நிறுவனத்தில் நடந்தது. செகெம்கா என்ற எகிப்திய எழுத்தரின் சுண்ணாம்புக்கல் சிலை. உயரம் முக்கால் மீட்டர்தான், ஆனால் வயது 4,000 வருடங்களுக்கும் மேல். விலை ஒன்றரைக் கோடி பவுண்டைத் தாண்டியது. அன்றைய கணக்கில் நம்ம ஊர்க் காசுக்கு 160 கோடி ரூபாய் போல.

விற்றது யார் தெரியுமா? நார்தாம்ப்டன் ஊர் மியூசியத்தை நடத்திய நகர மன்றமே! கட்டடத்தைப் பெரிதாக்கப் பணம் வேண்டுமாம். அம்மா நகையை விற்று மாடி கட்டுகிற கதைதான். அந்த மியூசியம் தன் அங்கீகாரத்தை இழந்ததுதான் மிச்சம்.

கிரேக்கம், ரோம், எகிப்து என்றால் ஐரோப்பியப் பணக்காரர்களுக்குப் பல நூறு வருடங்களாகவே பித்து. 18-ம் நூற்றாண்டில் சார்லஸ் டவுன்லி என்ற இங்கிலாந்துக்காரர் இத்தாலியில் தேடித் தேடி ரோமானியப் பளிங்குச் சிலைகளை வாங்கி, லண்டன் வீட்டையே மியூசியம் மாதிரி ஆக்கினார். 1805-ல் அவர் இறந்ததும், அந்தப் பளிங்குகளை 20,000 பவுண்டு கொடுத்து பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வாங்கிவிட்டார்கள். ஒரு தனி மனிதர் சேர்த்ததை ஒரு நாடே தன்னுடையது என்று எடுத்துக்கொண்டது.

இந்த 20,000 பவுண்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்றால் நான் சொல்ல வந்தது, தான் சேர்த்ததை நாட்டுக்கே தருகிறேன் என்று வந்து நின்ற ஒரு தமிழரைப் பற்றி.

ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரை, யாழ்ப்பாணத்து வேர். ஆனந்த குமாரசுவாமி பிறந்தது கொழும்பில், 1877 ஆகஸ்ட் 22. அப்பா சர் முத்து குமாரசுவாமி, பெரிய வக்கீல், இலங்கை சட்டசபை உறுப்பினர். அம்மா எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ட் பகுதிக்காரர். மகனையும் மனைவியையும் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு, தானும் கப்பல் ஏற இருந்த நேரத்தில் 1879-ல் அப்பா இறந்துபோனார். பையனுக்கு இரண்டு வயது கூட ஆகவில்லை. அதன் பிறகு வளர்ந்தது, படித்தது எல்லாமே இங்கிலாந்தில்.

படித்தது ஓவியமோ சிற்பமோ இல்லை, நிலவியலும் தாவரவியலும். 1903-ல் இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைவராக வந்தவர், தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமத்தைக் கண்டுபிடித்தார். அந்த வழியிலேயே போயிருந்தால் இன்றைக்கு அறிவியல் பாடப் புத்தகத்தில் ஒரு மூலையில் இருந்திருப்பார்.

ஆனால் கல் தேடி ஊர் ஊராகச் சுற்றிய மனிதரின் கண்ணில் வேறொன்று பட்டது. தச்சர், கொல்லர், நெசவாளர், சிற்பி என்று பரம்பரைக் கைவினைஞர்கள் வேலை இல்லாமல் கரைந்துகொண்டிருந்தார்கள். மில் துணியும் இறக்குமதிச் சாமானும் வந்த பிறகு கைவேலைக்கு யாருக்குத் தேவை? அவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தார். இடைக்கால சிங்களக் கலை பற்றிய அந்தப் பெரிய புத்தகத்தை 1908-ல் இங்கிலாந்தில், வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய கை அச்சு இயந்திரத்திலேயே அடித்தார். மொத்தம் 425 பிரதிகள். கைவேலை அழிவதைப் பற்றிய புத்தகத்தைக் கையாலேயே அச்சடிக்கிற பிடிவாதம்!

அப்போது நிலைமை எப்படி இருந்தது என்பதை ஒரு சம்பவம் காட்டும். 1910-ல் லண்டனில் ஒரு கூட்டம். ஜாவாவிலிருந்து வந்த ஒரு புத்தர் சிலையைக் காட்டி, இந்தியாவை நன்றாகத் தெரிந்த அதிகாரி என்று பெயரெடுத்த ஜார்ஜ் பேர்ட்வுட், அது ஒரு வேகவைத்த கொழுப்புக் கொழுக்கட்டை மாதிரி இருக்கிறது என்கிற அர்த்தத்தில் பேசினார். இந்தியாவில் கைத்தொழில் உண்டு, நுண்கலை கிடையாது என்பதுதான் அவர் கட்சி. கிரேக்க அப்பல்லோ கலை, நம்ம நடராஜர் வெறும் விக்கிரகம். கொதித்துப்போன ஒரு கூட்டம் லண்டனில் இந்தியா சொசைட்டியை ஆரம்பித்தது. அதில் முன்னால் நின்றவர்களில் குமாரசுவாமியும் ஒருவர்.

அடுத்து அவர் செய்ததுதான் இங்கே நமக்கு முக்கியம். 1910-11-ல் அலகாபாத்தில் நடந்த பெரிய கண்காட்சியில் கலைப் பிரிவை ஏற்றுக்கொண்டு வட இந்தியா முழுக்க அலைந்தார். ராஜபுத்திர ஓவியங்கள், சிற்பங்கள், வெண்கலங்கள் என்று அப்பா விட்டுப்போன சொத்தைப் போட்டு வாங்கினார். கிரேக்கச் சிலைக்கு ஏலத்தில் ஆளாளுக்கு முண்டியடித்த காலத்தில், ராஜபுத்திர ஓவியத்தைத் தனி மரபு என்று பிரித்துப் பார்க்கக்கூட ஆள் இல்லை. 1916-ல் அதற்கு இரண்டு தொகுதிப் புத்தகம் எழுதி, உலகத்துக்கு அறிமுகம் செய்தவரே இவர்தான்.

சேர்த்ததை என்ன செய்வது? காசியில் ஒரு தேசிய மியூசியம் கட்டுங்கள், என் தொகுப்பு மொத்தத்தையும் தருகிறேன் என்று முன்வந்தார். கட்டடத்துக்குப் பணம் திரளவில்லை. அரசாங்கத்திடமிருந்தும் வரவில்லை, வசதி படைத்த நம்மவர்களிடமிருந்தும் வரவில்லை. வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாத இடம் இது. அந்தக் காலத்து ஜமீன்களும் சமஸ்தானங்களும் ஐரோப்பியக் கண்ணாடி விளக்குக்கும் பளிங்குப் பொம்மைக்கும் தாராளமாகச் செலவழித்தவர்கள்தானே?

இதற்கிடையே முதல் உலகப்போர். ஆளப்படுகிற நாட்டுக்காரன் ஆள்கிறவனுக்காக எதற்குத் துப்பாக்கி தூக்க வேண்டும் என்று ராணுவத்தில் சேர மறுத்தார். பிரிட்டனில் இருக்க முடியாத நிலை. கடைசியில் கைகொடுத்தது அமெரிக்கா. பாஸ்டன் நுண்கலை மியூசியத்தின் அறங்காவலரான டென்மன் ராஸ் தொகுப்பை வாங்கி மியூசியத்துக்குக் கொடுத்தார். 1917-ல் அதன் இந்தியக் கலைப் பிரிவுக்குப் பொறுப்பாளராகக் குமாரசுவாமியே போனார். பொருளும் போனது, அதைப் பற்றித் தெரிந்த ஆளும் போனார்.

அங்கே உட்கார்ந்துதான் பேர்ட்வுட்டுக்கான முழு பதிலையும் எழுதினார். நடராஜரின் நடனத்தைப் பற்றிய அவர் கட்டுரை முதலில் வந்தது 1912-ல், சென்னையிலிருந்து வெளிவந்த சித்தாந்த தீபிகை இதழில். அதுவே 1918-ல் நியூயார்க்கில் புத்தகத்துக்குத் தலைப்பாகி உலகம் சுற்றியது. பிரெஞ்சுச் சிற்பி ரோதான், சென்னை மியூசியத்தில் இருக்கும் திருவாலங்காடு நடராஜரின் போட்டோக்களை மட்டும் பார்த்து உருகி எழுதியதும், குமாரசுவாமியின் எழுத்தும் 1921-ல் பாரிஸில் ஒரே புத்தகத்தில் வெளியாயின. ரோதான் அதற்குள் இறந்திருந்தார்.

இன்னொரு சண்டை கிரேக்கர்களைப் பற்றியே. புத்தருக்கு முதலில் உருவம் கொடுத்தது கிரேக்கப் பாணி தெரிந்த காந்தாரத்துச் சிற்பிகள்தான் என்று ஃபூஷே என்ற பிரெஞ்சு அறிஞர் சொல்லியிருந்தார். இதை நம்ம பக்கத்து உதாரணத்தோடு யோசியுங்கள். வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், அழகன்குளம் அகழாய்வில் ரோமானிய நாணயங்களும் ஜாடித் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு, இந்தக் கரைக்காரர்களுக்குப் பானை வனையச் சொல்லிக்கொடுத்ததே ரோமானியர்தான் என்று யாராவது சொன்னால் ஏற்பீர்களா? வியாபாரம் வேறு, கற்றுக்கொடுப்பது வேறு. 1927-ல் குமாரசுவாமி வைத்த வாதமும் கிட்டத்தட்ட இதுதான். மதுராவின் பழைய யட்சன் சிலைகளைக் காட்டி, புத்தர் உருவத்துக்கு வேர் இந்த மண்ணிலேயே இருக்கிறது என்றார். காந்தாரத்தில் கிரேக்கச் சாயல் இருப்பதை அவர் மறுக்கவில்லை. விவாதம் இன்னும் முடியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு மதுராவைத் தாண்டிப் போக யாராலும் முடியவில்லை.

நான்கு திருமணங்கள், ஒரு மகனின் மரணம் என்று சொந்த வாழ்க்கை அலைச்சல்தான். அதை விடுங்கள், போனில் போட்டோ எடுக்கிற உங்களுக்குப் பிடிக்கிற ஒரு விஷயம். போட்டோ எல்லாம் கலையா என்று பலர் கேட்டுக்கொண்டிருந்த 1924-ல், ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸின் 27 போட்டோக்களை பாஸ்டன் மியூசியத்துக்குள் கொண்டுவந்ததும் இவர்தான்.

வினோதம் என்னவென்றால், மியூசியத்திலேயே 30 வருடம் வேலை பார்த்தவருக்கு மியூசியம் மேலேயே சந்தேகம் இருந்தது. சாமி சிலை கும்பிட, கிண்ணம் குடிக்க. பயன்பாட்டிலிருந்து பிடுங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அதற்குப் பாதி உயிர்தான் என்று எழுதினார். காசியில் இடம் கிடைத்திருந்தாலும் இதையே எழுதியிருப்பாரா என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு.

இந்தியா சுதந்திரம் அடைந்தபோது அவருக்கு வயது 70 ஆகப்போகிறது. பிறந்தநாள் விருந்தில், வேலையை விட்டுவிட்டு இந்தியாவுக்குத் திரும்பப்போவதாகச் சொன்னார். மூன்று வாரம் கூட ஆகவில்லை, 1947 செப்டம்பர் 9 அன்று பாஸ்டன் பக்கத்தில் நீடம் ஊரில் தன் வீட்டில் இறந்துபோனார். டெல்லியில் தேசிய மியூசியம் திறந்தது 1949 ஆகஸ்ட் 15-ல்.

சாயல்குடி வண்டி இன்னும் வரவில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். பாஸ்டன் மியூசியத்தின் இணையதளத்தில் இந்திய ஓவியங்களையும் சிற்பங்களையும் தேடுங்கள். சிலவற்றின் கீழே ராஸ்-குமாரசுவாமி கலெக்‌ஷன் என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு பதிவு எண், 17 என்று ஆரம்பிக்கும். அது 1917.