சமக்குறி தந்த டாக்டர்

இரண்டும் மூன்றும் ஐந்து.

இதைக் கணக்கு நோட்டில் 2+3=5 என்று எழுதுகிறோம். நடுவில் இரண்டு சிறு கோடுகள் போடுகிறோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். அதற்குப் பெயர் சமக்குறி.

அந்த இரண்டு கோடுகளை முதன் முதலில் அச்சுப் புத்தகத்தில் போட்டவர் ஒரு டாக்டர். பெயர், ராபர்ட் ரெக்கார்டு. உலகத்துக்கே கணக்குக் குறி தந்த அவர், சிறையில் உயிர் விட்டார்!

தாய்மொழியில் கணக்கு

இங்கிலாந்துக்கு மேற்கே இருப்பது வேல்ஸ். அங்கே டென்பி என்ற கடற்கரை ஊரில், சுமார் 1510-ல் ரெக்கார்டு பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படித்தார். 1545-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தில் பெரிய படிப்பு எல்லாம் லத்தீன் மொழியில் இருந்தது. தச்சருக்கும், கடைக்காரருக்கும், மாலுமிக்கும் லத்தீன் தெரியாது. ஆனால் அவர்களுக்குத்தான் கணக்குத் தேவை.

ஆகவே, ரெக்கார்டு ஆங்கிலத்தில் எழுதினார். 1543-ல் அவருடைய முதல் கணக்கு நூல் வெளிவந்தது. ஆசிரியரும் மாணவனும் பேசிக்கொள்வது போல அதை எழுதினார். மாணவன் கேள்வி கேட்பான்; தப்புப் போடுவான். ஆசிரியர் திருத்துவார். படிப்பவருக்குப் பக்கத்தில் வாத்தியார் உட்கார்ந்து சொல்வது போல இருக்கும்.

அந்த நூல் 150 ஆண்டுகளுக்கு மேல் திரும்பத் திரும்ப அச்சாயிற்று.

பிரபுவின் பகை

ரெக்கார்டுக்கு அரசு வேலை கிடைத்தது. 1549-ல் பிரிஸ்டல் நகரில் நாணயம் அச்சடிக்கும் சாலைக்கு அதிகாரி ஆனார்.

அந்த ஆண்டு மேற்கு இங்கிலாந்தில் கலகம் மூண்டது. அதை அடக்கச் சென்றவர்களில் வில்லியம் ஹெர்பர்ட் ஒருவர். படைச் செலவுக்கு நாணயச் சாலைப் பணத்தைக் கேட்டார். ரெக்கார்டு மறுத்துவிட்டார்.

ஹெர்பர்ட்டுக்குக் கோபம் வந்தது. ராஜத்துரோகி என்று ரெக்கார்டு மீது பழி சுமத்தினார். 60 நாள் ரெக்கார்டு காவலில் இருந்தார்.

பிறகு அயர்லாந்தில் வெள்ளிச் சுரங்கத்தை மேற்பார்க்கும் வேலை கிடைத்தது. சுரங்கத்தில் லாபம் வரவில்லை. அந்த வேலையும் போயிற்று.

இதற்குள் ஹெர்பர்ட், பெம்புரோக் பிரபு ஆகிவிட்டார். 1556-ல், பிரபு முறைகேடு செய்தார் என்று ரெக்கார்டு குற்றம் சாட்டினார். பிரபு சும்மா இருப்பாரா? மானநஷ்ட வழக்குப் போட்டார். ஆயிரம் பவுன் கொடுக்கவேண்டும் என்று 1557-ல் தீர்ப்பாயிற்று.

அவ்வளவு பணத்துக்கு ரெக்கார்டு எங்கே போவார்?

இரண்டு கோடுகள்

அதே 1557-ல் அவருடைய கடைசி நூல் வெளிவந்தது. அதில்தான் சமக்குறி பிறந்தது.

அதுவரை, ஒன்றுக்கு ஒன்று சமம் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லாகவே எழுதி வந்தார்கள். எழுதி எழுதி ரெக்கார்டுக்கு அலுத்துவிட்டது. ஒரே நீளமுள்ள இரண்டு இணை கோடுகளைப் போட்டார். அவற்றைவிடச் சமமான இரு பொருள்கள் வேறு எவை என்பது அவர் எண்ணம். ஜெர்மனியில் வழங்கிய கூட்டல், கழித்தல் குறிகளையும் அந்த நூலில் சேர்த்தார்.

நூலின் முடிவு உள்ளத்தை உருக்கும். பாடம் நடந்துகொண்டிருக்கும். திடீரென்று யாரோ கதவைத் தட்டுவார்கள். தூதன் வந்திருப்பான். ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிடுவார். மாணவன் கலங்கி நிற்பான். அத்துடன் நூல் முடிந்துவிடும்.

ஆசிரியர் திரும்பவில்லை. 1558-ல், லண்டனில் இருந்த கிங்ஸ் பெஞ்ச் சிறையில் ரெக்கார்டு இறந்தார். அயர்லாந்து வேலைக்கு அரசு தரவேண்டிய பாக்கி, 1570-ல்தான் அவருடைய குடும்பத்துக்குக் கிடைத்தது.

குறி வென்றது

அவர் இறந்த பிறகு 60 ஆண்டுக் காலம் அந்தக் குறி அச்சில் வரவில்லை. வேறு சிலர் வேறு குறிகளைப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் ரெக்கார்டின் குறியே நிலைத்தது. நியூட்டனும் அதைத்தான் எழுதினார்.

1910-ல் டென்பி ஊர் மாதா கோவிலில் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள்.

இன்று பள்ளிக்கூடப் பலகையிலும், கம்ப்யூட்டரிலும், கையில் உள்ள செல்போனிலும் அந்த இரண்டு கோடுகள் இருக்கின்றன. அதைப் பயன்படுத்த யாரும் காசு கொடுப்பதில்லை. யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. கணக்கு எல்லாருக்கும் சொந்தம் என்று நினைத்தவர் விட்டுச் சென்ற சொத்து அது.