கம்ப்யூட்டரில் ‘சி டிரைவ்’ எப்படி வந்தது? பில் கேட்ஸை முந்திய கேரி கில்டால் கோட்டைவிட்டது எங்கே?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ‘சி டிரைவ்’ இருக்கு, ‘ஏ’, ‘பி’ எங்கே போச்சு? அவை ஃபிளாப்பி டிஸ்க் காலத்து எழுத்துகள். பர்சனல் கம்ப்யூட்டர்களில் இந்தப் பழக்கத்தைப் பரப்பியது மைக்ரோசாஃப்ட் அல்ல, கேரி கில்டால் எழுதிய சி.பி/எம் ஆபரேட்டிங் சிஸ்டம்.

1942-ல் சியாட்டிலில் பிறந்த கில்டால், கலிஃபோர்னியாவின் மாண்டரேயில் கடற்படை முதுநிலைக் கல்லூரி ஆசிரியர். 1974-ல் அவர் உருவாக்கிய சி.பி/எம்மை இன்டெல் வேண்டாம் என்றது. மனைவி டோரதியுடன் சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கி, தானே விற்றார்.

அப்போது ஒவ்வொரு கம்பெனி கம்ப்யூட்டரும் ஒவ்வொரு ரகம். டிஸ்க் வேறு, திரை வேறு. ஒன்றுக்கு எழுதிய சிஸ்டம் இன்னொன்றில் ஓடாது. கில்டால் செய்தது எளிமையான வேலைதான், ஆனால் பெரிய வேலை. ஹார்டுவேரோடு பேசும் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து ‘பயாஸ்’ என்று பெயர் வைத்தார். புது மெஷின் வந்தால் அந்தச் சின்னப் பகுதியை மாற்றி எழுதினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே ஓடும். அதற்கான குறிப்புகளும் கையேட்டிலேயே இருந்தன. விஷயம் தெரிந்தவர்கள் தாங்களே செட் பண்ணிக்கொண்டார்கள்.

1980-ல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டருக்கு சிஸ்டம் தேடி வந்தது. அன்று கில்டால் தன் விமானத்தில் ஜாலியாகச் சுற்றப் போய்விட்டார் என்றொரு கதை உண்டு. உண்மையில் அது தொழில் பயணம். ஐபிஎம் நீட்டிய ஒருதலைப்பட்சமான ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட டோரதி தயங்கினார். பேச்சு இழுத்தது.

இடையில் மைக்ரோசாஃப்ட், சி.பி/எம் பாணியில் டிம் பேட்டர்சன் எழுதிய சிஸ்டத்தை வாங்கி ஐபிஎம்முக்குக் கொடுத்தது. அதுதான் டாஸ். கில்டால் ஆட்சேபிக்க, இரண்டையும் விற்க ஐபிஎம் ஒப்புக்கொண்டது. டாஸ் விலை 40 டாலர், சி.பி/எம் 240 டாலர்! கடைக்கு வந்தவர்கள் எதை எடுத்திருப்பார்கள்?

1991-ல் நிறுவனம் நோவெல் வசம் போனது. மூன்றே ஆண்டில், மாண்டரேயில் தலையில் பட்ட காயத்தால் 52 வயதில் கில்டால் இறந்தார். பசிபிக் குரோவில் அவரது பழைய அலுவலகத்தின் முன் 2014-ல் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.