ஜி. டி. நாயுடு

கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 - ஜனவரி 4, 1974) தமிழ்நாட்டைச் சேர்ந்த அறிவியலாளர், தொழிலதிபர், பேருந்துத் துறை முன்னோடி ஆவார். ஜி. டி. நாயுடு என்று பரவலாக அறியப்படுகிறார். பொறியியற் கல்வி எதுவும் பெறாத இவர், பொறிகளைப் பிரித்துப் பார்த்தே அவற்றின் இயக்கத்தைக் கற்றார்.

இளமை

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளிப் படிப்பை இடையிலேயே நிறுத்தினார். பிரித்தானிய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் இவரை ஈர்த்தது. கோவையில் உணவு விடுதியொன்றில் பணிபுரிந்து சேர்த்த பணத்தில் அதனை வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து மீண்டும் பூட்டினார்.

பொறி கற்பித்த பாடம்

அவ்வண்டியின் பொறி ஒற்றை உருளை கொண்டது. எரிபொருள் எரிவதால் உண்டாகும் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் உருளைக்குள் முன்னும் பின்னும் மட்டுமே செல்லும். சக்கரத்துக்கோ சுழற்சி தேவை. பிஸ்டனுடன் பிணைந்த இணைப்புத் தண்டின் மறுமுனை, கிராங்குத் தண்டில் அச்சிலிருந்து விலகி அமைந்த முளையைப் பற்றியிருக்கும். பிஸ்டன் தள்ள, முளை அச்சைச் சுற்றிவர, தண்டு சுழல்கிறது. நான்கு வீச்சுப் பொறியில் தண்டின் இரு சுற்றுகளுக்கு ஒருமுறையே உந்துதல் கிடைக்கும். எஞ்சிய நேரத்தில் கனமான சுழல்சக்கரமே ஓட்டத்தைக் காக்கிறது.

பேருந்துத் தொழில்

1920 இல் ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். இன்று திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்கில் உள்ள பழனி, அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. திண்டுக்கல்லையும் பொள்ளாச்சியையும் பழனி வழியே இணைக்கும் இருப்புப்பாதை 1928 இல்தான் திறக்கப்பட்டது. ஒரு பேருந்தில் தொடங்கிய தொழில் யு.எம்.எஸ். என்னும் பெரும் நிறுவனமாக வளர்ந்தது.

மின்மோட்டாரும் சிறுமகிழுந்தும்

இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் எனக் கருதப்படுவது, 1937 இல் இவரும் டி. பாலசுந்தரமும் இணைந்து உருவாக்கியதாகும். மின்மோட்டார் சுழற்சியை நேரடியாகவே தருவதால் அதற்குப் பிஸ்டனும் கிராங்குத் தண்டும் தேவையில்லை.

1952 இல் இருவர் அமரும் பெட்ரோல் மகிழுந்தை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய் மட்டுமே. அரசின் உரிமம் கிடைக்காததால் அதன் உற்பத்தி கைவிடப்பட்டது.

கல்விப் பணி

1945 இல் கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பப் பயிலகம் தோன்றப் பெரிதும் உதவி, அதன் முதல்வராகவும் பணியாற்றினார். தொழிற்கல்விக்கு நான்கு ஆண்டுகள் வேண்டியதில்லை, இரண்டே போதும் என்பது இவர் கருத்து. அரசு இதனை ஏற்காததால் பதவி விலகினார். பொறியைக் கையால் பிரித்துக் கற்ற தம் அனுபவத்துக்கு ஏற்ற கல்விமுறையையே இவர் பிறருக்கும் விரும்பினார்.