போஜராஜனும் ஆடும் பொம்மைகளும்

விக்ரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த எல்லாருக்கும் போஜராஜனைத் தெரிந்திருக்கும். மண்ணுக்குள் புதைந்து கிடந்த சிம்மாசனத்தைத் தோண்டி எடுப்பார். ஏறி உட்காரப் போனால் படியில் இருக்கும் பதுமை வாய் திறந்து பேசும். முப்பத்திரண்டு பதுமை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. சின்ன வயதில் எனக்குத் தெரிந்த போஜராஜன் இவ்வளவுதான். பெயர் மட்டும்தான் நிஜம், மற்றதெல்லாம் கதை என்று நினைத்திருந்தேன்.

போஜராஜன் நிஜமாகவே வாழ்ந்த அரசர். அதோடு, தானாக அசையும் பொம்மைகளைப் பற்றி அவர் பெயரில் ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது. நான் தஞ்சோங் ரம்புத்தான்காரன், இப்போது பொறியியல் படிக்கிறேன். ரோபோட் பாடத்துக்காக எந்திரப் பொம்மைகளின் வரலாற்றைத் தேடியபோது கிரேக்கம், அரபு நாடு, சுவிட்சர்லாந்து என்று போய், கடைசியில் நம்ம விக்ரமாதித்தன் கதை போஜரிடமே வந்து நின்றேன். அவருடைய வாழ்க்கையை இளைஞர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பெருமைப்பட மட்டுமல்ல, ஒரு பாடம் கற்றுக்கொள்ளவும்தான்.

போஜர் பரமார வம்சத்தைச் சேர்ந்தவர். நாடு மாளவம், இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மேற்குப் பகுதி. தந்தை சிந்துராஜர். பெரியப்பா முஞ்சர் கவிஞர், வீரர். அந்த முஞ்சரை மேலைச் சாளுக்கிய அரசன் இரண்டாம் தைலபன் போரில் சிறைபிடித்துக் கொன்றான். அந்தப் பகை போஜர் காலத்திலும் தீரவில்லை. சுமார் 1010இல் போஜர் பட்டத்துக்கு வந்தார். தாரா நகரம் அவருடைய தலைநகர். அங்கிருந்து ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆண்டார்.

காலத்தைக் கவனித்தீர்களா? சோழ நாட்டை ராஜேந்திர சோழர் ஆண்ட அதே காலம். 1025இல் ராஜேந்திரரின் கப்பல்கள் கடாரத்துக்கு, அதாவது நம்ம பேராவுக்கு வடக்கே இருக்கும் கெடாவுக்கு வந்தபோது, தாராவில் போஜர் அரசாண்டுகொண்டிருந்தார். சாளுக்கியரை எதிர்க்க போஜர், கலசூரி அரசர் காங்கேயதேவர், ராஜேந்திரர் மூவரும் கூட்டுச் சேர்ந்தார்கள் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நமக்கு அவர் ரொம்பத் தூரத்து ஆள் இல்லை.

போரில் அவர் வென்றதும் உண்டு, தோற்றதும் உண்டு. சாளுக்கியர் ஒருமுறை தாராவுக்குள்ளேயே புகுந்து சூறையாடினார்கள். ஆனால் ஆயிரம் ஆண்டு கழித்தும் போஜர் பெயர் நிற்பது வாளால் இல்லை, எழுத்தால்தான். இலக்கணம், கவிதையியல், வானியல், யோகம், கட்டடக்கலை என்று பல துறைகளில் அவர் பெயரில் நூல்கள் இருக்கின்றன. அரசவைப் பண்டிதர்களும் துணை நின்றிருப்பார்கள். இருந்தாலும், இவ்வளவையும் ஒரே அரசவை செய்தது சாதாரணமா? சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூல்களில் ஒன்றான தத்துவப் பிரகாசமும் அவர் எழுதியது என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். அதற்கு உரை எழுதியவர்களில் ஒருவர், தமிழ்நாட்டில் வாழ்ந்த அகோர சிவாச்சாரியார். கோயில் குருக்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெயர் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். சமராங்கண சூத்திரதாரம் என்பது போஜர் பெயரில் உள்ள கட்டடக்கலை நூல். மொத்தம் 83 அத்தியாயம். நகர அமைப்பு, வீடு, கோயில், சிற்பம், ஓவியம் எல்லாம் அதில் வரும். அதன் 31ஆம் அத்தியாயம் முழுக்க எந்திரங்களைப் பற்றியது.

என்னென்ன எந்திரங்கள்? தாளத்துக்கு ஏற்ப ஆடும் கிளி. விளக்கில் எண்ணெய் குறையக் குறைய ஊற்றும் பொம்மை. தண்ணீர் குடிக்கும் யானை, ஆனால் குடித்த தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாது. வாசலில் தடியோடு நின்று யாரையும் உள்ளே விடாத காவலாளி. வெற்றிலை நீட்டும், வணங்கும், வீணை வாசிக்கும் மரப்பாவைகள். மழை போலத் தண்ணீர் பொழியும் நீரூற்று மண்டபங்கள்.

மரப்பாவையை எப்படிச் செய்வது என்றும் ஓரளவு சொல்லியிருக்கிறார். கழுத்து, கை, மணிக்கட்டு, தொடை எல்லாவற்றையும் தனித்தனியாகச் செதுக்க வேண்டும். துளை போட்டு ஆணியால் மூட்டு மூட்டாக இணைக்க வேண்டும். மேலே தோல் போர்த்தி மனித உருவம் போல ஆக்க வேண்டும். உள்ளே துளைகள் வழியாகப் போகும் கயிறும் கம்பியும் உறுப்புகளை அசைக்கும். இன்றைய ரோபோட் கையிலும் மூட்டு உண்டு, சிலவற்றில் இழுக்கும் கம்பியும் உண்டு. மாறியிருப்பது இழுக்கும் சக்தி. அங்கே மறைந்திருக்கும் ஆளோ தண்ணீரோ இழுக்கும், இங்கே மோட்டார் இழுக்கும்.

எந்திரங்களை அவர் வகை பிரித்த விதமும் அழகு. தானாக ஓடுவது ஒன்று, ஒருமுறை தள்ளிவிட்டால் ஓடுவது இன்னொன்று. இயக்கும் பகுதி மறைந்திருந்தால் அது உயர்வு. நல்ல எந்திரத்துக்கு என்ன குணங்கள் வேண்டும் என்றும் நீண்ட பட்டியல் தருகிறார்: அளவு சரியாக இருக்கணும், பொருத்து தளரவும் கூடாது இறுகவும் கூடாது, சத்தம் வரக்கூடாத இடத்தில் சத்தம் வரக்கூடாது, நினைத்த வேலையைத் தடையில்லாமல் செய்யணும், நீண்ட நாள் உழைக்கணும். இந்தப் பட்டியலை அப்படியே எங்கள் டிசைன் வகுப்பில் ஒட்டி வைக்கலாம்.

இந்த ஆசை போஜரோடு தொடங்கியதும் இல்லை. தமிழில் பெருங்கதையில், உதயணனைப் பிடிக்க உஞ்சை மன்னன் பிரச்சோதனன் எந்திர யானை செய்து, உள்ளே வீரர்களை ஒளித்து அனுப்புவான். அந்த உஞ்சைதான் உஜ்ஜயினி, பரமாரர் ஆண்ட மாளவத்து நகரம். சீவக சிந்தாமணியில் கர்ப்பிணியான விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிப்பாள். கிரேக்கத்துப் பக்கம் அலெக்சாந்திரியா நகரத்து ஹீரோ, முதல் நூற்றாண்டிலேயே தண்ணீராலும் காற்றாலும் இயங்கும் பொம்மைகளைப் பற்றி எழுதினார். எல்லா நாட்டு மனிதனுக்கும், உயிர் இல்லாததை அசைய வைத்துப் பார்க்கணும் என்ற ஆசை இருந்திருக்கிறது.

இப்போது கொஞ்சம் கசப்பான இடம். அதே 31ஆம் அத்தியாயத்தில் ஒரு மரப்பறவை வருகிறது. லேசான மரத்தில் பெரிய பறவை செய்து, வயிற்றில் பாதரசப் பாத்திரம் வைத்து, கீழே தீ மூட்டினால் ஆளோடு வானில் பறக்கும் என்று இருக்கிறது. வாட்சாப்பில் வரும் செய்திகள் இந்த ஓர் இடத்தைத்தான் பிடித்துக்கொள்கின்றன: ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் விமானம், நாசாவே வியக்கிறது, உடனே பகிருங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமே. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். ஒரு லிட்டரே 13.6 கிலோ. அது கொதிக்க 357 டிகிரி செல்சியஸ் வேண்டும், அந்தச் சூட்டுக்கு முன்பே மரம் கருக ஆரம்பித்துவிடும். ஆவி வந்தாலும் விஷம். இது பறக்காது. வைமானிக சாஸ்திரம் என்று இன்னொரு நூலைக் காட்டுவார்கள். அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் ஐந்து பேர் 1974இல் அதை ஆராய்ந்து, அதில் சொன்ன விமானங்கள் பறக்க முடியாதவை என்று எழுதிவிட்டார்கள். இதைச் சொன்னால் சிலர் நம்மையே நம்பிக்கை இல்லாதவன் என்பார்கள். ஆனால் பொய்யான பெருமையைத் தூக்கிப் பிடித்தால், எண்ணெய் ஊற்றும் பொம்மை என்ற உண்மையான பெருமையையும் யாரும் நம்ப மாட்டார்கள். நஷ்டம் நமக்குத்தான்.

அந்தப் பொம்மைகளில் ஒன்றாவது இன்று மியூசியத்தில் இருக்கிறதா என்று தேடினேன். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. காரணத்தின் ஒரு பகுதியை நூலே சொல்கிறது. எந்திரங்களின் முழுச் செய்முறையையும் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டதாக அதில் இருக்கிறது. தெரியாததால் இல்லையாம், ரகசியம் காக்கத்தானாம். வெளியே தெரிந்துவிட்டால் வியப்பும் பலனும் போய்விடுமாம். பரம்பரைத் திறமை, குரு உபதேசம், சாஸ்திரப் பயிற்சி, கைவேலை, தெளிந்த புத்தி இவையெல்லாம் உள்ளவனுக்கே அது கைவரும் என்கிறார். அந்தக் காலத்தில் இது நியாயமாகப் பட்டிருக்கும். ஆனால் குருவும் சீடனும் போன பிறகு, மிஞ்சியது வர்ணனை மட்டும்தான்.

இதற்கு நேர் எதிராக ஒருவர் இருந்தார். போஜருக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, இன்றைய துருக்கியின் தியார்பகிரில் இருந்த அரசவையில் அல்ஜசரி என்ற பொறியாளர் வேலை பார்த்தார். 1206இல் அவர் எழுதி முடித்த நூலில் ஐம்பது கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் படம், அளவு, எந்தப் பாகத்தை எப்படி வார்ப்பது, எதை எதோடு இணைப்பது என்று எல்லாம் உண்டு. அவருடைய யானைக் கடிகாரத்தில் இந்தியாவை நினைவூட்டும் யானையும் பாகனும் கூட உண்டு. அந்தப் படங்களைப் பார்த்து, 20ஆம் நூற்றாண்டில் அவர் கருவிகளை மறுபடி செய்து ஓட்டியே காட்டினார்கள். ஆசை இரண்டு அரசவையிலும் ஒன்றுதான். ஒன்று வரைந்து வைத்தது, மற்றது மறைத்து வைத்தது.

வரைவது போஜருக்குத் தெரியாதா என்ன? போபாலுக்குப் பக்கத்தில், பேத்வா ஆற்றங்கரையில் போஜ்பூர் இருக்கிறது. அங்கே போஜர் கட்டத் தொடங்கியதாகச் சொல்லப்படும் சிவன் கோயில் முடியாமலே நிற்கிறது. உள்ளே பிரம்மாண்டமான சிவலிங்கம். சுற்றியுள்ள பாறைகளில் கோயிலின் வரைபடங்கள் கோடு கோடாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன: தரைப்படம், தூண், கோபுரப் பகுதிகள். பெரிய கற்களை மேலே ஏற்றப் போட்ட மண் சரிவுப் பாதையும் பின்னால் அப்படியே கிடக்கிறது. கட்டி முடித்திருந்தால் ஒருவேளை இதையெல்லாம் அழித்திருப்பார்கள். முடியாமல் போனதால்தான், பதினொன்றாம் நூற்றாண்டில் ஒரு கோயிலை எப்படித் திட்டமிட்டார்கள் என்று இன்றைக்கு நாம் கண்ணால் பார்க்க முடிகிறது.

போஜரின் கடைசி நாட்கள் சோகமானவை. குஜராத்தின் பீமனும் கலசூரி கர்ணனும் இரண்டு பக்கமும் சேர்ந்து நெருக்கியபோது, சுமார் 1055இல் அவர் இறந்துபோனார். தாரா எதிரிகளிடம் விழுந்தது. கோயில் பாதியில் நின்றது.

நூல் மட்டும் ஓலையிலும் தாளிலும் தப்பியது. அதை அச்சில் கொண்டுவந்தவர் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த கணபதி சாஸ்திரியார். 1924, 1925ஆம் ஆண்டுகளில் பரோடாவில் இரண்டு பாகமாக வந்தது. பிறகு திருவாரூரில் பிறந்த டாக்டர் வே. ராகவன், பழைய இந்திய எந்திரங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். மாளவத்து அரசர் நமக்குக் கிடைத்ததே, பொறுமையாகப் படித்துப் பதிப்பித்த தமிழ்நாட்டு அறிஞர்களாலும்தான். பகிருங்கள் என்று ஒரு பொத்தானை அழுத்துவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம், பாருங்கள்.

இது நம்ம ஊருக்கும் பொருந்தும். என் தாத்தா தோட்டத்தில் ரப்பர் ஷீட் போடும் மெஷின்களைப் பழுது பார்த்தவர். ரோலர் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். வெள்ளைக்காரன் அனுப்பிய உதிரிப் பாகம் வரும்வரை, இருந்ததை வைத்து ஓட்டியும் காட்டுவாராம். அதில் ஒரு வரி கூட எழுத்தில் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டது, மெஷின் பழைய இரும்புக்குப் போனது, தாத்தாவும் போய்விட்டார். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கத்திலும் தோட்டத்திலும் இப்படி எத்தனை தாத்தாக்கள் இருந்திருப்பார்கள்!

ஆகவே நண்பர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில், கம்பத்தில், கோயிலில் கைத்தொழில் தெரிந்த பெரியவர் ஒருவராவது இருப்பார். ரதத்தின் சக்கரத்தையும் அச்சையும் பார்த்துக்கொள்பவர், உறுமி மேளத்துக்குத் தோல் கட்டுபவர், பழைய மெஷின் ஓட்டியவர், யாராக இருந்தாலும் சரி. இந்தப் பள்ளி விடுமுறையில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். என்ன அளவு, என்ன மரம், எந்த முடிச்சு, ஏன் அப்படி என்று கேளுங்கள். படம் வரையுங்கள், கைப்பேசியில் பதியுங்கள், தேதி போட்டு வையுங்கள். அப்படி எழுதியதை உங்கள் கிளைக் கூட்டத்தில் ஒருமுறை வாசித்தும் காட்டுங்கள். மற்றவர்களுக்கும் அவரவர் வீட்டுப் பெரியவர் ஞாபகம் வரும்.