சீனபவனம் கண்ட செம்மல்
பேராசிரியர் டான் யுன்ஷான் வரலாறு

யாழ்ப்பாணத்து மனைகளிலே தேநீருக்குச் சீனி இடாதார் மிகச் சிலரே. தீபாவளி நாளில் நம் சிறுவர் கொளுத்தி மகிழ்வது சீனவெடி. பழைய வைத்திய ஏடுகளிலே படிகாரத்திற்குச் சீனக்காரம் என்றொரு பெயருண்டு. இச்சொற்களை நாள்தோறும் வழங்கும் நாம், அச்சொற்களுக்குப் பெயர் தந்த நாட்டைப் பற்றி அறிந்தது எத்துணை என்று எண்ணிப் பார்ப்பின் நாணவே நேரிடும்.

தொடர்போ மிகப் பழையது. பாகியான் என்னும் சீனத் துறவி 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்தில் ஈராண்டு தங்கியிருந்தார். அபயகிரி விகாரையிலே தம் நாட்டு வெண்பட்டு விசிறியொன்று காணிக்கையாய் வைக்கப்பட்டிருத்தலைக் கண்டு தாயகத்தை நினைந்து கண்ணீர் உகுத்தார் என்பது அவர்தம் பயணக் குறிப்பால் அறியப்படும். காலியிலே 1911ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு, 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் கோ கொணர்ந்த அக்கல்லிலே சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளும் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரைப் போற்றுகின்றது. இவையெல்லாம் தொலைவிற் கிடப்பன என்று கருதுவோர்க்கு அல்லைப்பிட்டி அண்மையிலேயே உளது. அங்கே 1977ஆம் ஆண்டில் அகழப்பெற்ற நிலத்திலே சோங் அரச காலத்துச் சீன மட்பாண்டங்கள் கிடைத்தன.

இத்துணைப் பழமையான உறவு பல நூற்றாண்டுகள் அறுபட்டுக் கிடந்தது. அதனைக் கல்வியின் வழியாக மீளப் பிணிக்கத் தம் வாழ்நாளை ஈந்த ஆசிரியர் ஒருவரின் வரலாற்றை, நமது கல்லூரியின் விழா மலரிலே எழுத விழைந்தோம். அவரே சாந்திநிகேதனத்துச் சீனபவனத்தின் முதற் தலைவராய் விளங்கிய பேராசிரியர் டான் யுன்ஷான் ஆவர்.

பிறப்பும் கல்வியும்

டான் யுன்ஷான் 1898ஆம் ஆண்டு சீன நாட்டின் ஊனான் மாகாணத்துச் சாலிங் என்னும் இடத்திற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். எனினும் கல்வியை இழந்தாரல்லர். சீனத்துப் பழைய இலக்கியங்களையும் தத்துவ நூல்களையும் கற்றுத் தேறியபின், சாங்சா நகரிலுள்ள ஊனான் முதலாம் ஆசிரியர் கலாசாலையிற் பயின்றார். பின்னாளிற் சீனத்தின் தலைவராகிய மா சே துங் அக்கலாசாலையில் அவருக்கு முன்னர்ப் பயின்றவர். ஒரே கலாசாலையிற் பயின்றோருள் ஒருவர் படை திரட்டி நாட்டை மாற்றினார். மற்றவர் நூல் திரட்டி இரு நாடுகளை இணைக்க முயன்றார். ஆசிரியர் கலாசாலை வாயிலாகவே இத்தொழிலுக்கு வந்த எம்மனோர்க்கு இச்செய்தி சிறிது பெருமிதம் தருவதேயாம்.

மலாயாவில்

1924ஆம் ஆண்டில் டான் கடல் கடந்து சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் சென்று, ஆங்குள்ள சீனப் பாடசாலைகளிலே கற்பித்தார். அந்நாளில் நம்மவர் பலரும் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்க்க மலாயா நாட்டிற்குக் கப்பலேறிக்கொண்டிருந்தனர். மலாயாப் பென்சனியர் கட்டிய கல்வீடுகள் இன்றும் நம்மூர்களிலே நிற்கின்றன. அவ்வீடுகளை எழுப்பியோரும் டான் அவர்களும் ஒரே துறைமுகத்தில் இறங்கி, ஒரே வீதியில் நடந்திருத்தல் கூடும் என்று நினைக்கும்போது அவர் நமக்கு அயலார் போலத் தோன்றுகின்றிலர்.

அங்கே அவர் சென் நாய்வெய் என்னும் ஆசிரியையை மணந்தார். 1927ஆம் ஆண்டு யூலை மாதத்திற் கவியரசர் இரவீந்திரநாத தாகூர் சிங்கப்பூருக்கு எழுந்தருளினார். கவியரசர் 1924இலேயே சீனத்திற்குச் சென்று மீண்டவர். சீன மொழியும் சீன மக்களின் அறிவும் தம் விசுவபாரதியில் இடம்பெற வேண்டும் என்னும் ஆர்வம் மிக்கவர். 1921ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டு அறிஞர் சில்வேன் லேவி அங்கே வந்து சீன, திபெத்திய மொழிப் பயிற்சியைத் தொடக்கி வைத்திருந்தார். அவர் சென்றபின் அப்பணி நிலைபெற ஒருவர் வேண்டியிருந்தது. இளைஞராகிய டானைக் கண்ட கவியரசர், சாந்திநிகேதனத்திற்கு வருமாறு அழைத்தார். அழைப்பு அவருடைய வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

சாந்திநிகேதனமும் இலாசாப் பயணமும்

1928ஆம் ஆண்டில் டான் சாந்திநிகேதனம் சேர்ந்தார். ஒரு சில மாணவர்க்குச் சீனம் கற்பித்தார். தாமும் மாணவராய் அமர்ந்து வடமொழி கற்றார். கற்பிக்க வந்தவர் கற்கவும் அமர்ந்தமை அவருடைய இயல்பை நன்கு காட்டுவதாகும்.

பின்னர் 1930ஆம் ஆண்டிலே, திபெத்திற்குச் சென்ற சீன அரசின் தூதர் ஒருவருடன் அவரும் புறப்பட்டார். தூதர் வழியிலேயே இறந்தார். டான் திரும்பினாரல்லர். பனி மலைகளைக் கடந்து இலாசா நகரடைந்து, 13ஆம் தலாய் இலாமாவைக் கண்டு, ஒப்புவிக்கப்பட்ட கடமையை முடித்தார். மீளும்போது காந்தியடிகளுக்கு இலாமா வரைந்த திருமுகத்தையும் எடுத்து வந்தார். 1931ஆம் ஆண்டில் பர்தோலியிலே அடிகளைக் கண்டு அதனைக் கையளித்தார். யுவான் சுவாங் போன்ற பழந்துறவிகள் நடந்த பெருவழியின் கடுமையை நூலால் மட்டுமன்றிக் காலாலும் அறிந்தவர் டான்.

சீனபவனம் எழுந்த வரலாறு

ஒரு வகுப்பு ஒரு மனிதரோடு முடிந்துவிடும். ஒரு நிலையம் மனிதர் சென்ற பின்னும் நிற்கும். இதனை உணர்ந்த டான் 1931இற் சீனம் மீண்டு, அறிஞரையும் அரசினரையும் செல்வரையும் அணுகினார். கல்வியறிஞர் சாய் யுவான்பெய் முதலியோர் துணைநின்றனர். 1933இல் நான்கிங் நகரிலே சீன இந்தியப் பண்பாட்டுக் கழகம் உருவாயிற்று. மறு ஆண்டில் இந்தியாவிலும் அத்தகைய கழகம் கவியரசரின் தலைமையில் அமைந்தது. அக்கழகத்தின் வாயிலாகக் கட்டடத்திற்குப் பொருளும் நூலகத்திற்கு நூல்களும் திரண்டன. சீனத்திலிருந்து வந்த நூற்றொகுதி ஓரிலட்சம் எனப் போற்றப்படுவதாயிற்று.

1937ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் சீனபவனம் திறக்கப்பெற்றது. அது வங்காளத்தார்க்குப் புத்தாண்டு நாள். நமது சித்திரைப் பிறப்பை ஒட்டி வருவது. விழாவுக்கு வரவிருந்த ஜவாகர்லால் நேரு நோயுற்றமையால் தம் உரையை மகளார் இந்திராவின் கையில் அனுப்பினார். கவியரசரின் நெடுநாட் கனவு அன்று நனவாயிற்று. டான் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

பவனத்தின் பணி

சீனம் கற்பித்தல் அங்கு நடைபெற்ற பணியின் ஒரு பகுதியே. அதன் அரிய பயன் வேறொன்று. பௌத்தத் துறவிகள் பண்டைக் காலத்தில் நம் துணைக்கண்டத்திலிருந்து எடுத்துச் சென்று சீனமாக்கிய நூல்கள் பல. அவற்றுள் மூலநூல்கள் அழிந்தொழிய, மொழிபெயர்ப்பு மட்டும் சீனத்தில் நிலைத்தவை மிகுதி. அவற்றைச் சீனத்திலிருந்தும் திபெத்திய மொழியிலிருந்தும் ஒப்புநோக்கி, இழந்த வடமொழி மூலத்தை மீளக் கட்டும் பணியே அப்பயனாம். பாவவிவேகர் இயற்றிய கரதலரத்தினம் என்னும் நூலை, யுவான் சுவாங்கின் சீன மொழிபெயர்ப்பிலிருந்து ஐயாசாமி சாத்திரியார் வடமொழியில் மீட்டெழுதினார். 1949இல் விசுவபாரதி அதனை வெளியிட்டது.

இஃது எங்கோ நடந்த ஆராய்ச்சி என்று நம் மாணவர் கருதலாகாது. மணிமேகலையின் 29ஆம் காதையிலே அறவண அடிகள் கூறும் அளவை நெறியைக் கற்கும்போது நாம் இடர்ப்படுகின்றோம். அப்பகுதியை நியாயப்பிரவேசம் என்னும் பௌத்த அளவை நூலோடு ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டுக் காட்டியுள்ளனர். அந்நூல் யுவான் சுவாங்காற் சீனத்திற் பெயர்க்கப்பட்டது. திக்நாகர் இயற்றிய நியாயமுகமோ முழு வடிவிற் சீனத்திலேதான் எஞ்சியது. ஆகவே தமிழ்க் காப்பியம் ஒன்றை முற்ற விளங்கிக்கொள்ள விரும்புபவன் சீனத்தின் வாயிலையும் தட்ட வேண்டியவனாகின்றான்.

அறிஞரும் கலைஞரும் பவனத்தை நாடி வந்தனர். ஓவியர் சூ பெய்கோங் 1939இன் இறுதியில் வந்து தங்கிக் கவியரசரை வரைந்தார். பௌத்த குரவர் தாய்சூ 1940இல் வந்தார். நந்தலால் போசும் வினோத பிகாரி முகர்சியும் 1942இற் பவனத்தின் சுவர்களைச் சித்திரங்களால் அணிசெய்தனர். அவ்வாண்டிலேயே சியாங் கை செக் துணைவியாருடன் வந்து நிதியுதவி புரிந்தார். இளைஞராய்ச் சீனத்திலிருந்து வந்து பவனத்திற் பயின்ற பாச்சோ என்பார் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற்கு வந்து பேராதனையிற் கற்பித்து, இலங்கை சீனப் பண்டைத் தொடர்பு பற்றியும் ஆராய்ந்தார். இவ்வாறு சீனபவனத்தின் விளக்கொளி நம் தீவின் மீதும் சிறிது வீழ்ந்தது.

குறையும் கூறவேண்டும். பெரியாரின் வரலாற்றைப் புகழ்மாலையாக்குதல் அவர்க்குச் செய்யும் நன்றியாகாது. சீனம் முற்றக் கற்றுத் தேறிய மாணவர் தொகை பல்லாண்டும் சிறிதாகவே இருந்தது. கோமிந்தாங் அரசினரின் ஆதரவைப் பெரிதும் சார்ந்திருந்தமையால், அவ்வரசு 1949இல் வீழ்ந்தபோது பவனத்தின் ஊற்றுக்களுள் ஒன்று வற்றியது. டான் தாமே எழுதிய ஆராய்ச்சி நூல்களும் பிறர் எழுத இடங்கொடுத்த அளவிற்குப் பலவல்ல. அவருடைய ஆற்றல் ஆக்கியோனுடையதன்று, அமைத்தோனுடையது.

போர் வந்த காலம்

1951இல் விசுவபாரதி மத்திய அரசின் பல்கலைக்கழகமாயிற்று. 1957ஆம் ஆண்டிற் சீனப் பிரதமர் சூ என்லாய் சாந்திநிகேதனத்திற்கு வந்தபோது, பல்கலைக்கழகம் அவருக்குத் தேசிகோத்தமப் பட்டம் வழங்கியது. தாம் நட்ட மரம் காய்க்கின்றது என்று டான் மகிழ்ந்திருத்தல் வேண்டும். ஆறாண்டு கழியுமுன், 1962ஆம் ஆண்டு ஒக்தோபரில், இமயமலை எல்லையிலே இந்தியாவும் சீனமும் போர் தொடுத்தன. இந்தியாவில் வாழ்ந்த சீன மரபினர் ஏறத்தாழ மூவாயிரவர் இராசத்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். இரு நாட்டு அறிஞரின் போக்குவரவு நின்றது.

பிறந்த நாடும் புகுந்த நாடும் ஒன்றையொன்று சுடும்போது, இரண்டையும் நேசித்தவன் நிலை யாது? டான் ஊரைவிட்டு ஓடினாரல்லர். ஒரு பக்கம் சேர்ந்து மறுபக்கத்தை வைதாருமல்லர். அவர் முப்பதாண்டுக்கு மேலாகத் தொண்டாற்றிய சாந்திநிகேதனத்திலேயே இருந்தார். பவனத்தின் கதவு மூடப்படவில்லை. இதனை நாம் அவர் வாழ்வின் மிக உயர்ந்த செயலாகக் கருதுகின்றோம். கொடிகள் பறக்கும் நாளிற் பவனம் திறத்தல் எளிது. பகை மூண்ட நாளில் அதனைத் திறந்து வைத்திருத்தலே அரிது.

ஓய்வுற்றபின் அவர் புத்தகயையை அடைந்து உலக பௌத்தக் கல்விக் கழகம் ஒன்றை நிறுவ முயன்றார். 1979இல் விசுவபாரதி தன் உயர்ந்த தேசிகோத்தமப் பட்டத்தை அவருக்கும் அளித்தது. 1983ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள் புத்தகயையில் அவர் உயிர் நீத்தார்.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றை நாம் வகுப்பிற் கூறியபோது மாணவன் ஒருவன் எழுந்து, சீனம் படித்தால் எந்தச் சோதனைக்கு உதவும் என்று வினவினான். அவனை நாம் கடியவில்லை. நாமே அவ்வாறு கேட்கப் பழக்கியிருக்கின்றோம். அன்று அவனுக்கு விடை கூறாது வந்தோம், இம்மலரில் கூறுகின்றோம்.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 1995ஆம் ஆண்டு வலிகாமம் விட்டு நடந்தபோது, பிள்ளைப் பருவத்தினராகிய நாமும் நம் தந்தையாரின் புத்தகப் பெட்டியை வீட்டிலே விட்டு வந்தோம்; மீண்டபோது அது இல்லை. மூலம் அழிந்த நூல் அயலார் மொழியில் உயிர்வாழ்தல் கூடும் என்பதைச் சீனபவனம் மெய்ப்பித்தது. நம் மொழியை அயலார் கற்றலும், அயலார் மொழியை நாம் கற்றலும் இருவர்க்கும் காப்பாகும். ஒரே தீவில் வாழும் நமக்குச் சிங்கள மொழியும் அத்தகையதே. அதனைச் சோதனைக்காக மட்டும் கற்போர் பலர்; அம்மொழியிலுள்ள நூலை விரும்பிக் கற்போர் எத்துணையர்?

பழைய மாணவர்களே! நீவிர் உலகின் பல நாடுகளிலும் வாழ்கின்றீர். விழாவுக்கு வரும்போது நமது கல்லூரி நூலகத்திற்கு நூலொன்று கொண்டு வருக. அது நீவிர் வாழும் நாட்டின் மொழியிலே அமைந்ததாயின் இன்னும் நன்று. இன்று அதனை வாசிக்க வல்லார் இங்கு இலராகலாம். சாந்திநிகேதனத்திற்கு முதற் சீன நூற்பெட்டி வந்திறங்கிய நாளிலும் அதனை வாசிக்க வல்லார் ஒரு சிலரே இருந்தனர்.