மேகநாத சாகா

வங்காளத்தில், டாக்காவுக்கு அருகே உள்ள சியோராதலி என்னும் சிற்றூரில், 1893 அக்டோபர் 6ஆம் நாள், ஒரு சிறுகடைக்காரரின் மகனாகப் பிறந்தார் மேகநாத சாகா. அனந்தகுமார் தாஸ் என்னும் மருத்துவர் உணவும் உறையுளும் அளித்ததால் படிப்புத் தொடர்ந்தது. டாக்காவில் ஆளுநர் வருகையைப் புறக்கணித்தமைக்காகப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார், உதவித்தொகையையும் இழந்தார். கல்கத்தா மாணவர் விடுதியில் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டார்.

ஒதுக்கப்பட்ட அவ்விளைஞரே 1920இல் கதிரவனின் புதிர் ஒன்றை அவிழ்த்தார். கதிரவனின் நிறமண்டலத்தில், எலக்ட்ரானை இழந்த கால்சியத்தின் ஒளிக்கோடுகள் மிக உயரத்திலும் ஓங்கித் தெரிந்தன. வெப்ப மிகுதி ஒன்றையே காரணமாகக் கருதியோர் உண்டு. சாகாவோ அழுத்தத்தைச் சுட்டினார். அணுவினின்று பிரிந்த எலக்ட்ரான் நெரிசலில் விரைந்து பிடிபடும். அடர்த்தி குன்றிய வெளியில் நெடிது திரியும். ஆகவே, வெப்பநிலை மாறாவிடினும் அழுத்தம் குறையின் அயனியாக்கம் மிகும். இதனைக் கணக்கிடும் சமன்பாடு அவர் பெயரால் வழங்கலாயிற்று.

அடுத்து வேண்டியது அளவீடு. 1921இல் பெர்லினில், நெர்ன்ஸ்டின் ஆய்வகத்தில் சாகா அதற்கு முயன்றார். ஆனால் உலையின் வெப்பம் விண்மீன் வெப்பத்திற்கு ஈடாகாது. கதிரவனின் கரும்புள்ளிகளில் ருபீடியத்தின் கோடுகள் தென்படும் என்று அவர் கூறியதை 1922இல் அமெரிக்க வானியலர் ரசல் உறுதி செய்தார்.

உலையால் இயலாததை அதிர்ச்சி அலை இயற்றியது. 1950களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கான்ட்ரோவிட்ஸ் குழுவினர், குழாயில் உயரழுத்த வாயுவைத் தடுத்துநின்ற மென்தகட்டை உடைத்து அதிர்ச்சி அலையை எழுப்பினர். அவ்வலை ஆர்கான் வாயுவை நொடிப்பொழுதில் பத்தாயிரம் பாகைக்கு மேல் சூடேற்றியது. வாயுவின் மின்கடத்தும் திறனும் அளக்கப்பட்டது.

சாகாவின் சமன்பாடு வாயு சென்றடையும் சமநிலையைக் கூறும். சென்றடையும் வழியைக் கூறாது. பெட்செக், பைரன் ஆகியோர் 1957இல் வெளியிட்ட ஆய்வு அவ்வழியை ஆராய்ந்தது. தொடக்கத்தில் எலக்ட்ரான்கள் மிகச் சிலவே. அவை அணுக்களை மோதிப் புதிய எலக்ட்ரான்களை விடுவிக்கும், அவையும் மோதும். சிலவாய்த் தொடங்கியது பெருக்காகும்.

அவ்வாய்வு வெளிவந்தபோது சாகா இல்லை. கல்கத்தாவில் அணுக்கரு இயற்பியல் நிறுவனம் கண்டவர், 1952இல் சுயேச்சையாக நாடாளுமன்றம் புகுந்தவர், நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், 1956 பிப்ரவரி 16ஆம் நாள் தில்லியில், திட்டக்குழு அலுவலகம் செல்லும் வழியில் மறைந்தார்.

பெருக்கிற்கு முதற்சில எலக்ட்ரான்கள் போதும் என்றது ஆய்வு. சியோராதலிச் சிறுவனுக்கும் ஒரு மருத்துவரின் சோறும் திண்ணையும் போதுமாயிருந்தன. அத்தகைய தொடக்கம் கிட்டாமலே அவிந்த சிறுவர் எத்தனை பேர்? அதனைக் கணக்கிடச் சமன்பாடு இல்லை.